ஷ்வேஷ்வே குயில்ட்டில் சூட்டில் அழியும் பேனா: குளிரில் கோடு திரும்பி வருமா?

கந்தல்பை (ஃபீனிக்ஸ், டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். தையலுக்கு வழிகாட்டும் கோடு போடுவதில் வந்த குழப்பத்தால் ஒரு குயில்ட் (மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) பாதியில் நிற்கிறது. விவரம் முழுசாகச் சொன்னால்தான் பதில் சொல்ல வசதி என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அளவு 155க்கு 215 செ.மீ. வெள்ளைப் பருத்தியில் 25க்கு 30 செ.மீ. கட்டங்கள் மொத்தம் 30. அகலத்தில் 5, நீளத்தில் 6. கட்டங்களுக்கு நடுவிலும் சுற்றிலும் கருநீல ஷ்வேஷ்வே (தென்னாப்பிரிக்க அச்சுப் பருத்தித் துணி) பட்டை, தைத்து முடித்த பிறகு 5 செ.மீ. அகலம் வரும். உள்ளே பருத்தி 80, பாலியஸ்டர் 20 கலந்த பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு), அடியில் ஃபிளானல். வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றிலும் நீல நூலில் கைத்தையலாக ஒரு சிக்குக் கோலம். பட்டைகளில் மெஷினில் சாய்கோடு.

கோடு போட வைத்திருப்பது சூட்டில் அழியும் பேனா, 0.7 முனை. துண்டுத் துணியில் போட்டுப் பார்த்ததில், வெள்ளையில் இஸ்திரி பட்டதும் சுத்தமாகப் போய்விட்டது. கருநீலத்தில் மை போனது, ஆனால் போன இடத்தில் வெளிறிய கோடு ஒன்று அப்படியே நிற்கிறது.

போர்வை போகப்போவது வட கேப்பில் இருக்கும் சதர்லாந்துக்கு. தம்பிக்கு அங்கே வானாய்வுக் கூடத்தில் வேலை. இந்த மை குளிரில் திரும்பத் தெரியும் என்கிறார்கள். ஜூலையில், நம் குளிர்காலத்தில், சதர்லாந்து குளிர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் வெள்ளைக் கட்டத்தில் இந்தப் பேனாவைத் தொடலாமா, கூடாதா? கருநீலத்துக்கு வேறு என்ன வழி? தைத்து முடித்ததும் இஸ்திரி மட்டும் போதுமா, துவைத்தே ஆகவேண்டுமா?

சாயப்பட்டறை (லெனேசியா)

குளிரில் திரும்ப வரும் என்பது உண்மை. ஏன் என்று தெரிந்தால் மற்ற கேள்விகளுக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

பைலட் நிறுவனத்தின் ஃப்ரிக்ஷன் பேனா 2006இல் ஐரோப்பாவிலும் அடுத்த வருஷம் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. காகிதத்தில் எழுதி, பேனா வாலில் உள்ள ரப்பரால் தேய்த்து அழிப்பதற்காகச் செய்தது. தேய்க்கும்போது வரும் சூடுதான் அழிக்கிறது, ரப்பர் எதையும் சுரண்டி எடுப்பதில்லை. குயில்ட்காரர்கள் அந்தச் சூட்டுக்குப் பதிலாக இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மையில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண் குப்பிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று பொருள்: நிறம் தரும் சாயம், அதோடு சேர்ந்து நிறத்தைக் காட்டவைக்கும் இன்னொரு வேதிப்பொருள், இரண்டையும் சேர்ப்பதா பிரிப்பதா என்று சூட்டைப் பார்த்துத் தீர்மானிக்கும் மெழுகு மாதிரியான பொருள். சுமார் 60 டிகிரியில் மெழுகு உருகும், ஜோடி பிரியும், சாயம் நிறமற்றுப் போகும். உருகியது திரும்ப உறைய வேண்டுமானால் மைனஸ் 10 வரை குளிர வேண்டும். மைனஸ் 20ஐ நெருங்கினால் நிறம் முழுசாகத் திரும்பிவிடும். தேங்காய் எண்ணெய் உறைவதும் உருகுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான். இங்கே இரண்டுக்கும் இடையே 70 டிகிரி இடைவெளி வைத்துச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் அழித்த கோடு சாதாரணக் குளிரில் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆக, இஸ்திரி போட்டால் மை துணியை விட்டுப் போவதில்லை. குப்பிகள் நூலிழைக்குள் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைத் துணியிலிருந்து எடுப்பது தண்ணீரும் சோப்பும்தான். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: துவைத்தே ஆகவேண்டும். அதையும் இஸ்திரிக்கு முன்னால், கோடு கண்ணுக்குத் தெரியும்போதே செய்யுங்கள். 30 டிகிரித் தண்ணீரில் துவைத்தால் நிறம் மறையாது, எனவே எது போயிற்று, எது நிற்கிறது என்று பார்க்க முடியும். 60 டிகிரிக்குத் திருப்பினாலோ சூடான டிரையரில் போட்டாலோ கோடு ஒளிந்துகொள்ளும், மை போனதா இல்லையா என்று சொல்ல வழியே இருக்காது. மங்கலாக மிஞ்சினால் இன்னொரு முறை ஊறவையுங்கள். கடைசியில் மிஞ்சும் நிழலுக்குத்தான் இஸ்திரி.

சதர்லாந்து விஷயம். வீட்டுக்குள் கட்டிலில் கிடக்கும் போர்வை மைனஸ் 10ஐப் பார்க்காது. கார் டிக்கியில் ஒரு ராத்திரி, வெளியே கொடியில் ஒரு ராத்திரி, ஹீட்டர் இல்லாத ஸ்டோர் ரூம், இவற்றில் பார்க்கலாம். தொலைநோக்கி இருக்கும் மண்டபத்தையும் வெளிக்காற்றின் குளிரிலேயேதான் வைத்திருப்பார்கள், தம்பி அங்கே போர்வையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்தால் சரி. ஒருவேளை கோடு வந்தே விட்டாலும் இஸ்திரி வைத்தால் மறுபடி மறையும். போர்வை கெட்டுப்போகாது.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பாருங்கள். அதே வெள்ளைத் துணியில் அதே பேனாவால் நாலு கோடு. ஒன்றை அப்படியே விடுங்கள், ஒன்றுக்கு இஸ்திரி மட்டும், ஒன்றைத் துவைத்துவிட்டு இஸ்திரி, ஒன்றுக்கு முதலில் இஸ்திரி பிறகு துவையல். இஸ்திரியும் துவையலும் துணி முழுக்கப் படாமல் இருக்க நாலையும் தனித்தனித் துண்டாக வெட்டிக்கொள்வது நல்லது. காய்ந்ததும் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18இல் இருக்கும், சதர்லாந்தின் மோசமான ராத்திரிக்கு அது போதும். காலையில் வெளியே எடுத்தவுடன் பார்த்தால் உங்கள் துணிக்கான பதில் கையில்.

ஊசிமுனை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வெள்ளைக் கட்டத்துக்கு இந்தப் பேனா தாராளமாகப் போகும், மேலே சொன்ன மாதிரித் துவைத்தால். ஆனால் 0.7ஐ விட 0.5 முனை வாங்குங்கள், மை குறைவாக இறங்கும். ஃபெல்ட் முனை வைத்த கலர் பேனா வேண்டவே வேண்டாம், அது பருத்தியில் கசிந்து இரண்டு மடங்கு அகலமாகிவிடும். நிறத்திலும் கொஞ்சம் யோசனை வேண்டும். நீல நூலில் தைப்பதால் நீல மை. நாளைக்கே கோடு எங்காவது எட்டிப் பார்த்தாலும் நூலுக்கு அடியில் நிற்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். கறுப்பு மையில் போட்டால் நீல நூலுக்குப் பக்கத்தில் அழுக்கு மாதிரித் தெரியும்.

கோலத்துக்கு வருவோம். 25க்கு 30 கட்டத்தில் 4க்கு 5 புள்ளி வையுங்கள், புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. புள்ளிகள் 15க்கு 20 செ.மீ. இடத்தை எடுக்கும், வெளிப்புள்ளியைச் சுற்றி வரும் வளைவுக்கு நாலு பக்கமும் 2.5 சேர்த்தால் 20க்கு 25. மிச்சம் சுற்றிலும் 2.5 செ.மீ. வெள்ளை ஓரம் கிடைக்கும், பட்டையின் தையல் மடிப்பு மேலே ஊசி ஏற வேண்டியிராது. மடிப்பில் ஊசி மாட்டினால் தையல் நீளம் அங்கே மட்டும் மாறி அசிங்கமாகத் தெரியும்.

4க்கு 5 என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாய்வாகப் போய் ஓரத்தில் வளைந்து திரும்பும் எளிய சிக்குக் கோலத்தில், இரண்டு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கைக்கும் எது மீப்பெரு பொது வகுத்தியோ அத்தனை தனி வளையங்கள் விழும். 5க்கு 5 வைத்தால் ஐந்து வளையம், ஐந்து தடவை முடிச்சு. 4க்கு 5 என்றால் ஒரே கோடு, தொடங்கிய இடத்துக்கே வந்து முடியும். நூல் தீர்ந்தால்தான் முடிச்சு. கைத்தையலில் இது பெரிய மிச்சம்.

கோடு போடும் வரிசை: மேல்துணி முழுவதையும் தைத்து, எல்லா மடிப்பையும் அழுத்தி இஸ்திரி போட்டு முடித்த பிறகே பேனாவைத் தொடுங்கள். முன்னாலேயே போட்டுவிட்டுப் பக்கத்து மடிப்பை அழுத்தினால் கோலம் பாதி காணாமல் போகும், பெட்டி நேராகப் படக்கூட வேண்டாம், ஆவி பட்டாலே போதும். பேட்டிங் வைத்து மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்கு முன்னால், மேல்துணியை மட்டும் கெட்டியான மேசையில் விரித்துப் போடுவது நல்லது. அடியில் மெல்லிய உப்புத்தாள் ஒட்டிய பலகை வைத்தால் துணி நகராது. பந்துமுனைப் பேனா துணியை இழுத்துக்கொண்டே போகும், அதனால் அழுத்தாமல், சிறு சிறு இழுப்பாக. முதலில் 20 புள்ளி, பிறகு சாய்கோடுகள், கடைசியில் ஓர வளைவுகள். 30 கட்டத்துக்கும் ஒரே மாதிரி வர, கெட்டி பிளாஸ்டிக் தாளில் புள்ளி இடத்தில் ஓட்டை குத்தி ஒரு ஸ்டென்சில் செய்துகொள்ளுங்கள். புள்ளி சரியாக விழுந்தால் கோடு கை போகிற போக்கில் வந்துவிடும், அது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

மூன்று அடுக்கையும் சேர்க்க ஸ்ப்ரே பசை போட்டு அதன் மேல் இஸ்திரி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தடவை வேண்டாம், கோடு போய்விடும். ஓட்டுத்தையலோ பாதுகாப்பு ஊக்கோ போட்டுச் சேருங்கள். கைத்தையல் வளையத்தை இறுக்கி அதே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தாலும் கோடு மங்கும், உரசலும் சூடுதானே.

பொத்தான்குழி (சாட்ஸ்வர்த்)

கருநீலத்துக்கு நான் சொல்றேன். அந்தப் பேனாவை ஷ்வேஷ்வே முன்பக்கத்தில் வைக்காதீங்க, அவ்வளவுதான். கருப்புத் துணி, பாட்டிக், கையால் சாயம் போட்ட துணி எல்லாத்திலயும் இதே கதை. நிறம் போன பிறகு மையோட மிச்சம் துணி மேல படிஞ்சு நிற்கும், வெள்ளையில் அது கண்ணுக்குத் தெரியாது, கருநீலத்தில் தெரியும். சில துணியில் சாயத்தையே கொஞ்சம் வெளிற வைக்கும். உங்க துண்டை சோப்புத் தண்ணியில் ஊற வச்சு அலசிக் காய வச்சுப் பாருங்க. கோடு போயிட்டா அது வெறும் படிவு. அசையாம நின்னா சாயம் போயிருக்கு, அதுக்கு மருந்து கிடையாது.

ஒண்ணு கேக்கணும். ஷ்வேஷ்வேயைத் துவைச்சுத்தானே வெட்டினீங்க?

கேக்குறதுக்குக் காரணம் இருக்கு. கிழக்கு கேப் ஸ்வெலிட்ஷாவில் டா காமா ஆலையில் அச்சாகிற மூணு பூனை முத்திரைத் துணி 90 செ.மீ. அகலத்தில், காகிதம் மாதிரி விறைப்பா, கஞ்சியோடதான் கடைக்கு வருது. கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்த காலத்துப் பழக்கம், இன்னைக்கும் விடலை. முதல் தண்ணியில் கஞ்சி போகும், துணி சுருங்கும், நீலமும் கொஞ்சம் இறங்கும். பக்கத்தில் இருக்கிறது வெள்ளைக் கட்டம். புரியுதா? உப்பு, வினிகர் போட்டா சாயம் நிக்கும்னு சொல்வாங்க, பருத்திச் சாயத்தை அது எதுவும் பிடிச்சு நிறுத்தாது. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுறது ஒண்ணுதான் வழி.

கோடு போட மூணு வழி இருக்கு. முதலாவது ஹேரா. மழுங்கின கத்தி மாதிரி பிளாஸ்டிக் கருவி, ரூலர் ஓரமா அழுத்தி இழுத்தா துணியில் பளபளன்னு ஒரு மடிப்புக் கோடு விழும். மை இல்லை, சுண்ணாம்பு இல்லை, அழிக்கிற வேலையே இல்லை. கஞ்சி இருந்தா கோடு நல்லா நிக்கும், அதனால துவைச்ச ஷ்வேஷ்வேக்கு ஸ்ப்ரே ஸ்டார்ச் திரும்ப அடிச்சு இஸ்திரி போட்டுக்கங்க. மூணு அடுக்கையும் சேர்த்த பிறகு ஹேரா போட்டா இன்னும் தெளிவாத் தெரியும், அடியில் பேட்டிங் மெத்துன்னு இருக்கிறதால. நேர்கோடு, சாய்கோட்டுக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை. வளைவுக்கு வேண்டாம்.

ரெண்டாவது சுண்ணாம்புப் பொடிச் சக்கரம். சின்ன டப்பா, முனையில் பல் சக்கரம், உருட்டினா மெல்லிசா வெள்ளைக் கோடு. ஒரு தடவைக்கு ஒரு பட்டை மட்டும் போட்டு உடனே தையுங்க, நேரமானா உதிர்ந்துடும். மூணாவது க்ளோவர் கம்பெனி வெள்ளைப் பேனா. எழுதும்போது தண்ணி மாதிரி இருக்கும், காய்ஞ்சதும் வெள்ளையாத் தெரியும். தண்ணியிலும் போகும், இஸ்திரியிலும் போகும். முதல் தடவை எழுதுறவங்க மை வரலைன்னு நினைச்சு மேல மேல போட்டுக் கோட்டைத் தடியாக்கிடுவாங்க, கொஞ்சம் பொறுங்க.

மெழுகு கலந்த தையல்காரர் சாக் கட்டியைப் பட்டை மேல போட்டு இஸ்திரி வைக்காதீங்க. மெழுகு உருகி எண்ணெய்க் கறை மாதிரி உள்ளே இறங்கிடும். சோப்புத் துண்டு பரவாயில்லை, தேய்ஞ்சு மெலிஞ்ச வெள்ளை சோப்பு, நல்லாக் காய்ஞ்சது. குளிக்கிற சோப்பில் கிரீம், எண்ணெய் சேர்த்தது ஆகாது.

கந்தல்பை (ஃபீனிக்ஸ், டர்பன்)

நன்றி. இரண்டு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஷ்வேஷ்வேயைத் துவைக்கவில்லை, 6.3 செ.மீ. பட்டையாக வெட்டியாகிவிட்டது, இன்னும் கட்டத்தோடு சேர்க்கவில்லை. அதோடு, வெள்ளைக் கட்டங்களின் 2.5 செ.மீ. ஓரத்தை தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் ஏற்கனவே கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோலத்துக்கு ஒரு பேனா, ஓரத்துக்கு ஒரு பேனா என்று பிரித்தால் குழம்பாது என்று நினைத்தேன்.

பொத்தான்குழி (சாட்ஸ்வர்த்)

அய்யோ, அந்த ரெண்டு பேனாவும் ஒரே துணியில் ஒத்துப்போகாது. ஒண்ணு சூட்டுல போகும், இன்னொண்ணு சூடு பட்டா நிரந்தரமா நிக்கும். நீலக் கோட்டு மேல இஸ்திரி வச்சீங்கன்னா கறை படிஞ்சு போச்சுன்னு வச்சுக்கங்க. பட்டையைச் சேர்க்கும்போது மடிப்பை அழுத்தித்தான் ஆகணும், அந்த ஓரக் கோடு மடிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கு. அதனால இப்பவே நீலத்தை எடுத்துடுங்க. வெறும் குளிர்ந்த தண்ணி, சோப்பு கூடாது, சோப்பில் இருக்கிற காரம் சில நேரம் அந்த மையைப் பிடிச்சு வச்சுக்கும். தெளிச்சு விடறதும் போதாது, கட்டத்தை முழுசா முக்கி எடுங்க. தெளிச்சா மை பக்கத்து இழைக்கு நகர்ந்து, காஞ்சதும் மங்கலாத் திரும்பத் தெரியும்.

ஓரத்துக்குக் கோடே வேண்டாம், ஊசிமுனை சொன்ன ஸ்டென்சிலைக் கட்டத்தோட அளவுக்கே வெட்டிக்கிட்டா ஓரம் தானா வந்துடும்.

வெட்டின பட்டையை மெஷினில் போடாதீங்க, பிசிறு பிரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு முடிச்சு விழும். அகலமான பேசினில் குளிர்ந்த தண்ணி, அஞ்சாறு பட்டையா மடிச்சு வச்சு ஊறவிட்டு, அமுக்கி எடுத்து, தண்ணி மாத்தி, தெளியற வரைக்கும். முறுக்கிப் பிழியாதீங்க. துண்டில் சுருட்டி அமுக்கி, ஈரம் இருக்கும்போதே நெடுக்கா இஸ்திரி. பிறகு அகலத்தை அளந்து பாருங்க. 6.3 இருந்தது குறைஞ்சிருக்கும், ஓரமும் பிசிறடிச்சிருக்கும். எல்லாப் பட்டையும் ஒரே அளவுக்குக் குறைஞ்சிருந்தா ரூலர் வச்சு ஓரத்தைச் சீவி, 5 செ.மீ.க்குப் பதிலா 4.5 செ.மீ. பட்டையா வச்சுக்கங்க. மொத்த அளவில் அகலத்தில் 3, நீளத்தில் 3.5 செ.மீ. குறையும், போர்வைக்கு அது ஒண்ணும் இல்லை. தாறுமாறா சுருங்கியிருந்தா மிச்சத் துணியைத் துவைச்சுப் புதுசா வெட்டுறதுதான் மரியாதை.

ரவிக்கை அளவு (ஜோஹானஸ்பர்க்)

நான் குயில்ட் செய்பவள் இல்லை, ரவிக்கை, பாவாடை, பள்ளி யூனிஃபார்ம். இங்கே எல்லோரும் சேர்ந்து அந்தப் பேனாவைக் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள். வெட்டும் கோடு, தையலுக்கு விடும் கால் அங்குலத்துக்குள் வரும் அடையாளம், டார்ட் முனை, பட்டன் இடம், இதெல்லாம் துணியின் பின்பக்கத்தில்தானே விழுகிறது. அங்கே வெளிறிய கோடு நின்றால் யாருக்கு என்ன? ஷ்வேஷ்வேயின் பின்பக்கத்திலும் வெட்டுக்கோடு போடலாம், கம்பெனி முத்திரை அச்சும் அங்கேதான் இருக்கிறது. மெல்லிய துணியில் மட்டும் முன்பக்கத்துக்கு ஊறி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தொடாத இடம் பட்டு. மை போனாலும் அதை எடுக்கத் தண்ணீர் வேண்டும், பட்டில் தண்ணீர் பட்டால் வட்டம் விழும். பட்டு ரவிக்கைக்கு ஓட்டுத்தையலால் அடையாளம் வைப்பதுதான் நல்லது. ஜரிகை இருந்தால் சூட்டையும் குறைக்க வேண்டும், இப்போது வரும் ஜரிகையில் பாதி பிளாஸ்டிக்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 டிகிரிக்கு இஸ்திரியை மூன்று புள்ளியில் (பெட்டியின் திருகில் சூட்டு அளவைக் காட்டும் புள்ளிகள்) வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு புள்ளியே 110 டிகிரி வரை போகும், மூன்று புள்ளி 200. பேட்டிங்கில் பாலியஸ்டர் இருப்பதால் மூன்று புள்ளியில் அழுத்தினால் போர்வை அந்த இடத்தில் தட்டையாகி எழும்பாது. ஒரு புள்ளியில் வைத்து, அழுத்தாமல் மேலாக நகர்த்தினாலே கோடு போகும். ஹேர் டிரையரும் போதும். கரன்ட் இல்லாத நேரத்தில் அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, வெளியே ஈரம் துடைத்து, கோட்டின் மேல் நகர்த்துங்கள். சொம்பு இஸ்திரி என்று நம் பாட்டிமார் செய்ததுதான். பேட்டிங்குக்கு அதைவிட மென்மையான இஸ்திரி கிடையாது. கைப்பிடித் துணி மறக்க வேண்டாம்.

ஊசிமுனை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பின்பக்க அடையாளம் விஷயத்தில் ரவிக்கை அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு இடம் தவிர. ஷ்வேஷ்வே பட்டைக்குப் பக்கத்தில் தைப்பது வெள்ளை. வெள்ளைத் துணியின் பின்பக்கம் போட்ட கறுப்புக் கோடு, குளிரில் திரும்ப வந்தால், வெளிச்சத்தில் முன்பக்கம் நிழலாகத் தெரியும். வெள்ளையில் பின்பக்கம் போட்டாலும் துவைக்க வேண்டும்.

விலை மலிவாக ஐம்பது, நூறு என்று கட்டாக வரும் ரீஃபில்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தையல் தொழிற்சாலைகளில் பட்டன் இடம், பாக்கெட் இடம் குறிக்கப் பயன்படுகிறவை. வேலைக்கு ஆகாது என்று சொல்லமாட்டேன், வெட்டுக்கோட்டுக்கு அது போதும். ஆனால் அவற்றின் மை எந்தச் சூட்டில் போகும், எந்தக் குளிரில் வரும் என்று உறை மேல் இருக்காது. ஃப்ரீசர் சோதனையை ஒவ்வொரு கட்டுக்கும் செய்யாமல் முன்பக்கத்தில் வைக்காதீர்கள். வெள்ளி நிற ரீஃபில் ஒன்றும் இவற்றை விற்கும் கடைகளில் இருக்கும், தோல் வேலைக்கு ஆனது. சூட்டில் அழியாது, கருநீலத்தில் பளிச்சென்று தெரிகிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

கந்தல்பை (ஃபீனிக்ஸ், டர்பன்)

சோதனை செய்துவிட்டேன், ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பார்த்தேன். இஸ்திரி மட்டும் போட்ட துண்டில் கோடு முழுசாகத் திரும்பிவிட்டது, இஸ்திரி வைக்காத துண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. துவைத்த பிறகு இஸ்திரி வைத்ததில் எதுவும் இல்லை. முதலில் இஸ்திரி, பிறகு துவையல் என்ற துண்டில் ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய நீலம். கருநீலத் துண்டை ஊறவைத்து அலசியும் வெளிறிய கோடு போகவில்லை, அதனால் பட்டைக்கு ஹேரா.

கடைசிச் சந்தேகம். பேனா காரில் கிடந்தது. இப்போது எழுதினால் தாளில் முனை போன தடம்தான் தெரிகிறது, நிறமே இல்லை. மை தீர்ந்துவிட்டதா?

சாயப்பட்டறை (லெனேசியா)

மை தீரவில்லை. டர்பன் வெயிலில் மூடிய காரின் டாஷ்போர்டு 60ஐ எளிதாகத் தாண்டும், குழாய்க்குள் இருந்த மை முழுவதும் நிறம் இழந்திருக்கிறது. பேனாவையும் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், சில மணி நேரத்தில் நிறம் வந்துவிடும். வெளியே எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, காகிதத்தில் கிறுக்கிப் பார்த்த பிறகே துணியில் வையுங்கள். குளிர்ந்த பேனாவின் மேல் ஈரம் கோர்த்து நிற்கும், அதைத் துடைக்காமல் எடுத்தால் வெள்ளைக் கட்டத்தில் சொட்டும்.

நிறம் இழந்த பேனாவால் இதற்குள் துணியில் எதையாவது கோடு போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டிலும் மை அத்தனையும் இருக்கிறது. சந்தேகமான கட்டத்தை ஃப்ரீசரில் வைத்து, கோடு தெரிந்ததும் எடுத்து, உங்கள் சோதனையில் தேறிய வரிசைப்படியே துவைத்துவிடுங்கள். முடிந்த போர்வைக்கும் அதே வரிசை: 30 டிகிரி, மென்மையான சோப்பு, வெள்ளைக்குப் பாதுகாப்பாக, தண்ணீரில் இறங்கும் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் தாள் ஒன்று, நிழலில் விரித்துக் காயவைத்தல், பகல் வெளிச்சத்தில் 30 கட்டத்தையும் பார்த்தல், அதன் பிறகு ஒரு புள்ளி இஸ்திரி. காயும்போது போர்வையைக் கொடியில் தொங்கவிடாமல் விரித்தே வையுங்கள், ஈரக் குயில்ட் தன் கனத்திலேயே இழுபட்டுக் கைத்தையல் நூலை அறுத்துவிடும்.